மூடியை இறுக்காதீர்கள்: கையில் பிடிக்கும் பாப்கார்ன் சட்டி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டம் அரியமான் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்கார்ன் விற்கும் தம்பி ஒருவர், நான் செய்து கொடுத்த கைச்சட்டியை ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணே, சட்டி நல்லாத்தான் இருக்கு. பொரிதான் ரப்பர் மாதிரி இழுக்குது. புள்ளைக மென்னு பாத்துட்டுத் துப்புதுக" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சட்டியில் நான் பெருமைப்பட்டதே அதன் மூடியைப் பார்த்துத்தான். சுற்றிலும் கிளிப் போட்டு, ஆவி ஒரு பொட்டுகூட வெளியே போகாதபடி குக்கர் மாதிரி அடைத்திருந்தேன்.

உச்சிப்புளிப் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை என்னுடையது. கேட், கிரில் வேலைக்கு நடுவே இந்தக் கைச்சட்டிப் பைத்தியம் பிடித்தது. நீளக் காம்பு, நுனியில் மூடி போட்ட வட்டச் சட்டி. கரி நெருப்பின் மேல் பிடித்து ஆட்டினால் பொரி. கேஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. இதுவரை நாலு மாதிரி செய்தேன், மூன்று தேறவில்லை. அந்த மூன்றும் ஏன் தேறவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குக்கர் விதைக்குள்ளேயே இருக்கிறது

பாப்கார்ன் விதையின் எடையில் நூற்றுக்குப் பதின்மூன்றரை முதல் பதினாலரை பங்கு தண்ணீர். அதைச் சுற்றிக் கெட்டியான தோல். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் மாவு குழைகிறது. தண்ணீரோ ஆவியாகப் பார்க்கிறது, தோல் விடுவதில்லை. சுமார் 180 டிகிரியில் உள் அழுத்தம், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல நாலு மடங்கை எட்டும்போது தோல் கிழிகிறது. குழைந்த மாவு நுரைத்துப் பொங்கி, அந்தரத்திலேயே ஆறி இறுகிவிடுகிறது. அதுதான் பொரி.

அப்படியானால் அழுத்தத்தை உண்டாக்குவது விதையின் தோல்தான். சட்டிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. நான் மூடியை இறுக்கி என்ன சாதித்தேன்? விதை கக்கிய ஆவியைத் திரும்பப் பொரிமேலேயே படிய வைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிராம் விதையில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 7 கிராம். அதில் 5 கிராம் ஆவியாக வெளியேறினாலும் எட்டு லிட்டருக்கு மேல் வரும். என் சட்டியின் கொள்ளளவு இரண்டு லிட்டர். பிறகு பொரி ரப்பராகாமல் என்ன செய்யும்?

என் அப்பத்தா நெல்லுப்பொரி பொரித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வாயகன்ற மண்சட்டி, சுடுமணல், கையில் ஈர்க்குக் கட்டு. மூடி என்ற பேச்சே கிடையாது. பறக்கும் பொரியை ஈர்க்காலேயே அமுக்கி ஒதுக்குவாள். அது ஞாபகத்துக்கு வர எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இப்போது மூடி முழுக்க 3 மில்லிமீட்டர் துளைகள், சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம். விதை வெளியே தப்பாது, ஆவி தாராளமாகப் போகும். நாட்டுச் சோளம் பொரிக்க நினைப்பவர்கள் துளையை 2 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள், அந்த மணி சின்னது. துளை போதுமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பொரித்து முடித்ததும் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக வேர்த்திருந்தால் போதவில்லை.

சட்டி நிறைய விதை

கூட்டம் நிற்கிற நேரத்தில் "இன்னொரு கை அள்ளிப் போடு" என்று யாருக்கும் தோன்றும். நல்ல விதை கொள்ளளவில் நாற்பது மடங்குவரை பெருக்கும். 50 கிராம் விதை, அதாவது ஒரு கைப்பிடி, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இடத்தை அடைக்கும். 20 சென்டிமீட்டர் குறுக்களவும் 7 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள சட்டி அதற்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் போட்டால் பொரி இடமில்லாமல் அமுங்கும், அடியில் கிடப்பது கருகும், சட்டியை ஆட்டினாலும் உள்ளே எதுவும் நகராது. ஒரே ஈடாகப் பெரிதாகப் பொரிப்பதைவிட இரண்டு ஈடு பொரிப்பது நல்லது.

அடித்தகடு கனமாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு

தோசைக்கல்லுக்கு அது சரி. கைச்சட்டிக்கு இல்லை. என் இரண்டாவது மாதிரிக்கு 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போட்டேன். சூடு சீராகப் பரவியது, பொரியும் நன்றாக வந்தது. ஆனால் தலை மட்டும் ஒன்றரைக் கிலோ. சட்டியின் நடுவிலிருந்து கைக்கு 20 அங்குலம், உள்ளங்கை அகலம் 4 அங்குலம். வகுத்தால் ஐந்து. ஒன்றரைக் கிலோ சட்டி, பிடிக்கிற கையில் ஏழரைக் கிலோவாக இழுக்கும். மூன்று ஈடு பொரித்தபின் தம்பியால் மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. களைத்துப்போய்ச் சட்டியைக் கரியின் மேலேயே வைத்துவிட்டார். பொரி தீய்ந்தது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கைச்சட்டிக்கு ரெகுலேட்டர் கிடையாது. கைதான் ரெகுலேட்டர். சூடு அதிகமென்றால் தூக்க வேண்டும், குறைந்தால் தாழ்த்த வேண்டும். கை தளர்ந்தால் ரெகுலேட்டரே போச்சு.

சரி, தகட்டை மெலிதாக்கினால் நெளியுமே? நெளியும், தட்டையாக இருந்தால். அதையே லேசாகக் குழித்து வாணலி போலத் தட்டிவிட்டால் 1 மில்லிமீட்டர் தகடே விறைப்பாக நிற்கிறது. குழிவால் இன்னொரு லாபமும் உண்டு. பொரியாத விதை தானாக நடுவுக்கு உருண்டு சூட்டுக்கு வரும், பொரிந்தது மேலே ஒதுங்கும். தட்டை அடியும் செங்குத்துச் சுவரும் சேரும் மூலையில் விதை ஒளிந்துகொண்டு கடைசிவரை பொரியாமல் கிடப்பதும் இதில் இல்லை.

இப்போது தலை 600 கிராமுக்குள் அடங்குகிறது. காம்பையும் மாற்றினேன். பிடியோடு முடித்துவிடாமல் பின்னால் இன்னும் பத்து அங்குலம் நீட்டி, முழங்கைக்கடியில் அண்டக் கொடுத்தேன். தூண்டில் கம்பைப் பிடிக்கும் தோது அது. மணிக்கட்டு சுமந்த பாரத்தை இப்போது முன்கை முழுவதும் வாங்கிக்கொள்கிறது.

காம்பைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். கெட்டிக் கம்பி வேண்டாம், எவர்சில்வர் குழாய் போதும். அதில் சூடு மெதுவாகத்தான் ஏறும். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்துவிட்டால் ஆவியாகி வெடிக்கும், ஒரு சின்னத் துளையாவது விடுங்கள். பிடிக்குப் பூவரசங்கட்டை. பிளம்பிங் பிவிசி குழாயைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

உப்புக்காற்றை மறந்துவிடுவது

இதை மதுரையில் சட்டி செய்கிறவர் யோசிக்க வேண்டியதில்லை. நாம் யோசித்துத்தான் ஆகவேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி செய்தது. நம் சட்டி எம்மாத்திரம்?

என் மூன்றாவது மாதிரியில் காம்பையும் சட்டியையும் இணைக்க அலுமினிய ரிவெட் அடித்தேன். சட்டிச் சுவர் எவர்சில்வர். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், சட்டி காம்பைவிட்டுக் கழன்று மணலில் விழுந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. இரண்டு வேறு உலோகம் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. எவர்சில்வரோடு சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். ரிவெட் சின்னதாகவும் சுவர் பெரிதாகவும் இருந்தால் இன்னும் சீக்கிரம் அரிக்கும். எவர்சில்வருக்கு எவர்சில்வர் ரிவெட்டே போடுங்கள், காசு பார்க்காதீர்கள்.

துருப்பிடிக்காதே என்று ஜி.ஐ. தகட்டுக்கும் கோழி வலைக்கும் போகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். 419 டிகிரியில் அது உருகிவிடும், கனன்ற கரி அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஜி.ஐ.யில் வெல்டிங் வைத்தால் எழும் வெள்ளைப் புகையையும் அன்று ராத்திரி வரும் குளிர்காய்ச்சலையும் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். பிள்ளைகள் தின்னும் பண்டத்தை அதில் பொரிக்கலாமா? நான்ஸ்டிக் பூச்சும் ஆகாது. 260 டிகிரிக்கு மேல் அது சிதைய ஆரம்பிக்கும், கரி நெருப்பில் வெறும் சட்டி சில நிமிடத்தில் அங்கே போய்விடும்.

அடி இரும்பாகவே இருக்கட்டும், தோசைக்கல்லைப் போல எண்ணெய் விட்டுப் பழக்குங்கள். எவர்சில்வரில் அடி போட்டால் சூடு ஓரிடத்திலேயே தங்கி நடுவில் கருகுகிறது. இரும்பு அதைவிட மூன்று மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

நெருப்பு, காற்று, எண்ணெய்

2015-இல் இம்மானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரான்சில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 170 டிகிரியில் நூற்றுக்கு 34 விதைதான் பொரிந்தது, 180-இல் 96. பத்து டிகிரியில் அவ்வளவு வித்தியாசம். இதைப் படித்தபிறகுதான் ஆடி மாசக் கச்சான் காற்றில் ஏன் பாதி விதை பொரியாமல் நின்றது என்று எனக்குப் புரிந்தது. மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று சட்டியின் ஒரு பக்கத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு மெதுவாக ஏறினால் விதையின் மூக்கு வழியாக ஆவி கசிந்துவிடும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் வெடிக்காது. வேகமாக ஏறினாலோ தோல் கருகும், உள்ளே மாவு குழைந்திருக்காது.

சட்டியின் அடி விளிம்பைச் சுற்றி, இரண்டு அங்குலம் கீழே இறங்கும்படி பாவாடை போல ஒரு தகடு தொங்கவிட்டேன். காற்று நேராக அடியில் அடிப்பது நின்றது. நம் ஊர்ச் சீமைக்கருவேலங்கரி நன்றாகக் கனன்று சாம்பல் பூத்தபிறகு சட்டியைப் பிடியுங்கள். தீநாக்கில் பிடிக்காதீர்கள்.

எண்ணெயில் ஒரு சின்ன விவகாரம். செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிக்கும். விதை வெடிப்பது 180-இல். புகை நாற்றம் பொரியில் ஏறாமல் எப்படி இருக்கும்? சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 220-க்கு மேல் தாங்கும். 50 கிராம் விதைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும். சட்டி சாய்ந்து எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னொரு தகட்டால் மூடுங்கள். சட்டி மூடியில் துளை இருப்பதால் அதற்கென்று துளையில்லாத் தகடு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

உப்பும் மிளகாய்த்தூளும் பொரித்தபிறகுதான். கல்லுப்பு பொரியில் ஒட்டாது, மிக்சியில் மாவாக அரையுங்கள். ஒருமுறை புத்திசாலித்தனமாக முண்டு மிளகாய்த்தூளை எண்ணெயிலேயே போட்டுப் பார்த்தேன். தெருவே இருமியது.

சட்டியைக் குறை சொல்லுமுன்

ஒருவர் கோழித்தீவன மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஒண்ணுகூட வெடிக்கலயேண்ணே" என்றார். அந்த ரகத்தின் தோலும் மாவும் வேறு, அது வறுபடும், பொரியாது. பாப்கார்னுக்கென்றே உள்ள ரகம் வேண்டும். அதையும் திறந்த சாக்கில் வைத்தால் கடற்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பொரி சின்னதாகச் சவசவ என்று வரும். சித்திரை வெயிலில் கிடந்த விதை காய்ந்துபோய் வெடிக்கவே மறுக்கும். காய்ந்த விதையை மீட்கலாம். அரைக் கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடிய டப்பாவில் குலுக்கி, மூன்று நாள் வையுங்கள். தினமும் ஒருதரம் குலுக்குங்கள்.

நூறு விதையை எண்ணிப் போடுங்கள், பொரியாமல் நின்றதை எண்ணி நோட்டில் எழுதுங்கள். சட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் மூடித் துளையையும் எண்ணெயையும் விதையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் ஒரு மாதம் விழித்தேன்.

வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போனதும் சட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்துக் கவிழ்த்து மாட்டுங்கள். ரிவெட் பக்கம் துணி போகாத சந்துக்கு ஒரு கோழி இறகு போதும்.