உடும்பா, டெகுவா, இகுவானாவா? அறிவைச் சரியாக ஒப்பிடும் முறை

டெகு, இகுவானா இரண்டும் உடும்பைப் போலப் பெரிய பல்லிகள். பழகிய டெகு மடியில் ஏறிப் படுக்கும். புதிதாக வந்த உடும்போ ஆளைக் கண்டதும் சீறி வாலைச் சுழற்றும். இதை வைத்தே டெகுதான் கெட்டிக்காரப் பிராணி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சாதுவாக இருப்பது வேறு, அறிவு வேறு. அறிவைப் பார்க்க வேண்டுமென்றால், பிராணி தனக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் கற்கிறது, கற்றதை எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிக்கரையிலும் பினாங்கு தாவரவியல் பூங்காவிலும் உலவும் நீர் உடும்புகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிடித்து வந்து வளர்க்கக் கூடாது. டெகு, இகுவானா உட்பட எதை வாங்குவதானாலும் காசு கொடுப்பதற்கு முன் பெர்ஹிலித்தானில் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

சூடு ஏறாத பல்லிக்கு மூளை ஓடாது

சோதனைகள் பொய்த்துப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் உடல் வெப்பம்தான். ஊர் வெயிலில் வெளியே 32 டிகிரி இருக்கும். ஆனால் ஏர்கான் போட்ட ஹாலில் டைல்ஸ் தரை 24 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதில் வயிற்றை வைத்துப் படுத்த உடும்பு மெல்ல மந்தமாகிவிடும். அதை நாம் "புரியவில்லை போல" என்று எழுதி வைப்போம்.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, குளிர்காயும் இடத்தின் மேற்பரப்பை அளந்து பாருங்கள். நீர் உடும்புக்கு 50 முதல் 55 டிகிரி, அர்ஜென்டினா டெகுவுக்கு 45 டிகிரியை ஒட்டி, பச்சை இகுவானாவுக்கு 36 முதல் 38 டிகிரி தேவை. விளக்கு போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கூண்டுக்குள்ளேயே சோதனையைத் தொடங்குங்கள். தோல் உரிக்கும் நாட்களிலும் முட்டை சுமக்கும் காலத்திலும் வேண்டாம். டெகுவின் சொந்த நாட்டில் குளிர்கால உறக்கம் உண்டு. அந்த உள்ளுணர்வு இங்கேயும் சில டெகுக்களை மாதக்கணக்கில் சோம்பலாக்கும். அந்தச் சமயத்தில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

பரிசு எது?

உடும்புக்குக் கோழி ஈரல், அவித்த காடை முட்டை. டெகுவுக்கு அதே முட்டையோடு பப்பாளி. இரண்டுக்கும் துண்டு 1 சென்டிமீட்டர் போதும். பெரிய துண்டு கொடுத்தால் மூன்றாவது முறையிலேயே வயிறு நிறைந்து ஆர்வம் போய்விடும். இகுவானா இலை தின்னும் பிராணி, இறைச்சி கொடுக்கவே கூடாது. வழக்கமான காலை இலையைக் கொடுக்கும் முன், தனியாக எடுத்து வைத்த செம்பருத்திப் பூவைக் காட்டினால்தான் அது எழுந்து வரும். இரைக்காக அலைந்து திரியும் உடும்பையும் கிளையில் உட்கார்ந்து மேயும் இகுவானாவையும் உணவுச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடுவது இகுவானாவுக்குச் செய்யும் அநியாயம்.

முதல் சோதனை: குறி தொடுதல்

ஒரு மீட்டர் பிவிசி குழாயின் நுனியில் 5 சென்டிமீட்டர் சிவப்புப் பந்தைப் பொருத்துங்கள். முதல் மூன்று நாள் அதைக் கூண்டருகே சும்மா வைத்து, பயம் தெளிய விடுங்கள். பிறகு மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நீட்டுங்கள். பந்தை நாக்காலோ மூக்காலோ தொட்ட அதே நொடியில் "சரி" என்று சொல்லி, நீளமான இடுக்கியால் பரிசு கொடுங்கள். கையால் கொடுத்தால் விரலும் உணவு என்று உடும்பு கற்றுக்கொள்ளும். அதன் கடிக்குத் தையல் போட வேண்டியிருக்கும். ஒரு நாளுக்குப் பத்து முறை, வாரத்துக்கு மூன்று நாள் போதும். பத்தில் எட்டு முறை தானாக வந்து தொட்டால் கற்றுவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.

இகுவானா தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பந்தை நெடுநேரம் பார்க்கும். அது தயக்கம் போலத் தெரியும், ஆனால் பார்வையால் அளக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள். நிறங்களை நன்றாகப் பிரித்தறியும் கண் அது. சிவப்புப் பந்துக்குப் பரிசு, நீலத்துக்கு இல்லை என்று வைத்துப் பாருங்கள், அதன் திறமை தெரியும்.

இரண்டாவது: புதிர்ப் பெட்டி

2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கருந்தொண்டை உடும்புக் குட்டிகள் எட்டுக்குக் கீல் கதவு வைத்த ஒளி ஊடுருவும் குழாயில் எலியை வைத்துக் கொடுத்தார்கள். எட்டும் பத்து நிமிடத்துக்குள் கதவைத் திறந்து எடுத்தன. இரண்டாம் முறை வேகம் கூடியது. குழாயைக் குலுக்குவது, உருட்டுவது போன்ற பயனற்ற முயற்சிகள் குறைந்தன. நாம் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: வீண் முயற்சியைக் கைவிடுகிறதா?

30 × 20 × 15 சென்டிமீட்டரில் தெளிவான அக்ரிலிக் பெட்டி செய்யுங்கள். மூன்று பக்கமும் 5 மில்லிமீட்டர் வாசனைத் துளைகள், ஒரு பக்கம் மேல்நோக்கித் தூக்கும் கதவு. கதவுவழி தலையைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். சரியாகத் தலையளவு இருந்தால் சிக்கிக்கொண்டு பின்வாங்கத் தெரியாமல் தாடையைக் கிழித்துக்கொள்ளும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். காந்தம் வைக்காதீர்கள், விழுங்கிவிடும்.

உடும்பு முதலில் நாக்கை நீட்டி நீட்டித் துளைகளைத் தடவும், நகத்தால் மூடியைப் பிறாண்டும், பெட்டியையே கவிழ்க்கும். கவிழாமல் இருக்க அடியில் கனமான பலகையை ஒட்டுங்கள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் பெட்டியைக் கழுவிக் காய வையுங்கள். எச்சில் வாசனை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேதான் அடுத்த முறை மூக்கு போகும். அது நினைவாற்றல் என்று நாம் ஏமாந்துவிடுவோம். 20 நிமிடத்தில் திறக்காவிட்டால் பெட்டியை எடுத்துவிட்டு, அன்று வேறு உணவு கொடுங்கள். பட்டினி போட்டுச் சோதிப்பது தவறு, தேவையும் இல்லை.

ஆளை அடையாளம் காண்கிறதா என்று பார்க்க, உணவு கொடுப்பவரும் புதியவரும் ஒரே நிறச் சட்டையில், அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால், வெறுங்கையோடு இரண்டிரண்டு நிமிடம் நிற்கட்டும். தகடு வாசனையைத் தடுக்கும். யார் பக்கம் எத்தனை முறை நெருங்கி வருகிறது என்று எண்ணுங்கள். டெகு இதில் பெரும்பாலும் நன்றாகச் செய்யும். இரண்டு பிராணிகளை ஒன்றாக விட்டுச் சோதிக்கவே கூடாது.

எண்களைப் படிப்பது

நொடிகளை இனத்துக்கு இனம் ஒப்பிடாதீர்கள். உடும்பின் நடையே வேகம். முதல் முயற்சிக்கும் ஐந்தாவதற்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். உதாரணமாக, 480 நொடி 60 ஆனால் எட்டு மடங்கு முன்னேற்றம். 1,000 நொடி எடுத்த இகுவானா 125-க்கு வந்தால் அதுவும் எட்டு மடங்குதான். பிறகு 30 நாள் பெட்டியைக் காட்டாமல் வைத்து, மீண்டும் ஒரு முறை கொடுங்கள். புதிர் தீர்ப்பதில் உடும்பு முந்தும், மனிதரோடு ஒத்துப்போவதில் டெகு முந்தும், நிறமும் இடமும் நினைவில் வைப்பதில் இகுவானாவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதே எங்கள் கணிப்பு.

நன்றாகச் செய்துவந்த பிராணி திடீரென்று பின்தங்கினால் அறிவு குறைந்துவிடவில்லை. முதலில் குளிர்காயும் மேற்பரப்பை அளந்து பாருங்கள், பிறகு யுவிபி (புற ஊதா) விளக்குக்கு ஒரு வருடம் கடந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஒரு வாரம் இப்படியே நீடித்தால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். சோதனைக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தொடும் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி நலமாக இருக்கும் பல்லியிடமும் இருக்கும்.