விண்மீன் பிறப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்மீன் எப்படிப் பிறக்கிறது என்று படிக்கத் தொடங்கும் பலரும் முதலில் தேடுவது ஒளிரும் நெபுலாக்களின், அதாவது விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி முகில்களின், படங்களைத்தான். தடுக்கி விழுவதும் அங்கேதான். விண்மீன் கருவாவது பெரும்பாலும் அந்த ஒளிக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தெரியும் திட்டுகளில்.

கறுப்பாக இருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைப்பது பழைய தவறு. 18ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷெலே இப்படியொரு திட்டைப் பார்த்து வானத்தில் ஓட்டை என்றுதான் எண்ணினார். உண்மையில் அது பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கும் தூசியும் வாயுவும் நிறைந்த முகில். பர்னார்ட் 68 என்ற முகிலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் கரியைப் பூசியதுபோல இருக்கும்; நடுவில் ஒரு விண்மீன்கூடத் தெரியாது. அதே இடத்தை அகச்சிவப்பில் எடுத்தால், பின்னால் இருக்கும் விண்மீன்கள் சிவந்த நிறத்தில் எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்து, அந்தத் திசையில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

அடுத்தது வாயு. முகிலில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் சுமார் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் குளிரில், அதிலிருந்து நமக்கு எந்தச் சைகையும் வருவதில்லை. அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு வெளியிடும் 2.6 மில்லிமீட்டர் நீள ரேடியோ அலையைத் தேடுகிறார்கள். 1970இல் ஓரியன் நெபுலாவில் அது பிடிபட்ட பிறகுதான் இந்த வழி திறந்தது. சரி, அந்த அலை எங்கே வலுவோ அங்கேதான் வாயு மிக அடர்த்தி என்று முடிவுகட்டலாமா? கூடாது. அடர்ந்த மையத்தில் கார்பன் மோனாக்சைடு தூசித் துகள்கள்மேல் பனியாக உறைந்துவிடும். பர்னார்ட் 68இன் நடுவில் நடப்பதும் அதுதான்: வாயு கூடுகிறது, சைகை குறைகிறது. அப்படிப்பட்ட இடங்களில் அம்மோனியா போன்ற வேறு மூலக்கூறுகளைத்தான் நம்ப வேண்டும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களின் வண்ணங்கள் அகச்சிவப்பு அலைநீளங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நம் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

ஒரே விண்மீன் வளர்வதை உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு. சூரியனைப் போன்ற ஒன்று முழு விண்மீனாக ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகும். அதனால் வெவ்வேறு வயதில் இருக்கும் பலவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். அதற்காக அவை அசையாமல் கிடக்கின்றன என்றும் நினைத்துவிடாதீர்கள். எஃப்யூ ஓரியோனிஸ் என்ற இளம் விண்மீன் 1936-37இல் சில மாதங்களிலேயே 100 மடங்குக்கு மேல் பிரகாசமானது.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வட்டு நமக்கு விளிம்பைக் காட்டி நின்றால், அதன் தூசி விண்மீனை மறைத்துவிடும். அப்போது வளர்ந்த விண்மீன்கூட, இன்னும் முகிலுக்குள் புதைந்திருக்கும் குழந்தையாகத் தோன்றும். ஆகவே, வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வயதைச் சொல்லுங்கள்.