குழந்தைக்கான கார் சீட்: வாங்கினால் மட்டும் போதாது, இறுக்கமாகப் பொருத்த வேண்டும்

"பக்கத்தில்தானே போகிறோம், மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மோதலின் வேகத்தில் எவ்வளவு வலுவான கையிலிருந்தும் குழந்தை பிய்த்துக்கொண்டு போய்விடும்.

1. அளந்து வாங்குங்கள். வயதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஐரோப்பியத் தரத்தில் ஆர்129 விதிப்படி வரும் சீட்டுகள் உயரத்தை வைத்தும், பழைய ஆர்44 விதிப்படி வந்தவை எடையை வைத்தும் பிரிக்கப்படுகின்றன. விபத்தில் சிக்கிய பழைய சீட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

2. பின்பக்கம் பார்த்தபடி உட்கார வையுங்கள். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி, கழுத்தோ பிஞ்சு. பின்பக்கம் பார்த்திருந்தால், முன்னால் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதியே தாங்கும். ஆர்129 விதிப்படி 15 மாதம் வரை இது கட்டாயம். சீட்டின் அளவு இடம் கொடுக்கும்வரை அதற்குப் பிறகும் தொடருங்கள். கால் மடங்குகிறதே என்று பல பெற்றோர் அவசரப்பட்டுத் திருப்பிவிடுகிறார்கள். குழந்தைகள் சம்மணமிட்டுச் சுகமாகத்தான் இருப்பார்கள்.

3. பின் சீட்டில் பொருத்துங்கள். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில், பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஐசோஃபிக்ஸ் (காரிலேயே இருக்கும் உலோகக் கம்பிகளில் சீட்டை நேரடியாக மாட்டும் முறை) என்றால் இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்க வேண்டும். பெல்ட்டில் கட்டுவதென்றால் சீட்டை நன்றாக அமுக்கிக்கொண்டு பெல்ட்டை இழுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள்.

4. வாரை, அதாவது குழந்தையைச் சீட்டோடு கட்டும் பட்டையை, கிள்ளிப் பாருங்கள். பலரும் தவறுவது இங்கேதான். தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, முறுக்கில்லாமல் வாரை மாட்டி இழுங்கள். இப்போது தோள்பட்டை அருகே வாரை மேலும் கீழுமாக இரண்டு விரலால் கிள்ளுங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் தளர்வு இருக்கிறது, விரல் வழுக்கினால் சரி. பின்பக்கம் பார்த்த சீட்டில் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்பக்கம் பார்த்ததில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ.

5. பிறகு பூஸ்டர். வாருள்ள சீட்டின் அளவைத் தாண்டியதும் பூஸ்டர், அதாவது கார் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட். கார் பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிந்து, கழுத்தை உரசாமல் தோளின் நடுவே போகும்வரை அதை எடுக்காதீர்கள்.

வெயிலில் நின்ற காரென்றால், பக்கிளை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள்.