சைக்கிளில் போய் ஃபிளை தூண்டில் போட: புதியவர்களுக்கான செய்முறை

கனமான கியரில் மூச்சைப் பிடித்து மிதிப்பதைவிட, லேசான கியரில் காலைச் சீராகச் சுற்றவிட்டால் அலுப்பில்லாமல் அதிக தூரம் போகலாம். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. ஃபிளை மீன்பிடிப்புக்கும் அதே குணம்தான்: பலத்தைக் காட்டினால் காரியம் கெடும். அதனாலேயே சைக்கிள்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பழக வழி சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். ஃபிளை என்பது கொக்கியில் இறகும் ரோமமும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. எடை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எடை இருப்பது லைனில், அதாவது தடித்த தூண்டில் நூலில். லைனின் எடையை எண்ணால் குறிப்பார்கள், 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். அந்த எடை ராடை, அதாவது தூண்டில் கம்பை, வில்லாக வளைக்கும். வளைந்த ராடு நிமிரும்போது லைன் பறக்கும், ஃபிளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

படி 1: சாமான்

9 அடி நீளம், 5-ஆம் எண், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ராடு வாங்குங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பத் தேவையில்லை, புதியவர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். அதே எண் லைன், லைனைச் சுற்றிவைக்க ஒரு ரீல், லைன் முனையில் கட்டும் மெல்லிய 9 அடி நூலான லீடர், அதன் நுனியில் கட்ட இன்னும் மெல்லிய நூலான 5எக்ஸ் டிப்பெட் (கனம் சுமார் 0.15 மி.மீ.), 12 முதல் 16 வரை அளவுள்ள சில ஃபிளைகள். டிப்பெட்டிலும் கொக்கியிலும் எண் கூடக் கூட அளவு சிறுக்கும், கடையில் குழம்பிவிடாதீர்கள்.

சுமையைக் குறைக்க ஆசைப்பட்டால் ஜப்பானிய டென்காரா ராடு இருக்கிறது. ரீலே கிடையாது, நுனியில் நேராக லைனைக் கட்டுவார்கள். மடக்கினால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும்.

படி 2: புல்தரையில் வீசிப் பழகுங்கள்

ஆற்றுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மரக்கிளையில் ஃபிளையைத் தொங்கவிட்டுவிட்டு வருகிறார்கள். கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டுங்கள். 8 மீட்டர் லைனை முன்னே நேராகப் போட்டு, ராடு நுனியைத் தரைக்கு அருகே வையுங்கள். மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டி, ராடு உச்சியைக் கொஞ்சம் தாண்டியதும், கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தில், சடாரென்று நிறுத்துங்கள்.

இப்போது சும்மா இருங்கள். புதியவர்களால் முடியாதது இந்தச் சும்மா இருப்பதுதான். பின்னால் லைன் சுருள் பிரிந்து நேராக நீளும்வரை கை அசையக் கூடாது. சந்தேகமாக இருந்தால் தலையைத் திருப்பிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. லைன் நீண்டதும் முன்னே தள்ளி, பத்து மணி இடத்தில் மறுபடி நிறுத்துங்கள். நிறுத்தம் கூர்மையாக இருந்தால் லைன் தானாகப் போய் விழும். காத்திருக்காமல் முன்னே இழுத்தால் சாட்டை சொடுக்கின மாதிரி சத்தம் வரும். கொக்கி கட்டியிருந்தால் ஃபிளை அறுந்து போயிருக்கும் என்று அர்த்தம். மணிக்கட்டு மடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள், பெரும்பாலான கோளாறு அங்கேதான்.

படி 3: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், உயரம் சரி. நான்கு துண்டு ராடின் குழாய் முக்கால் மீட்டர் அளவுக்கு வரும். கேரியரில் நீளவாக்கில், முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். குறுக்கே கட்டினால் ஒற்றையடிப்பாதையில் புதர் பிடித்து இழுக்கும், முன் பாரில் கட்டினால் முட்டி இடிக்கும். பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ வேண்டாம். அடியில் இருக்கும் உலோகத் துண்டு ஈரப்பாறையில் வழுக்கும்.

படி 4: போகிற வழியிலேயே ஆற்றைப் படியுங்கள்

காரில் போகிறவருக்குக் கிடைக்காதது இது. ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி நின்று கீழே பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் நீரின் பளபளப்பு மறைந்து அடி தெரியும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணிகிற இடம், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு, கரையோர நிழல், இங்கெல்லாம் மீன் நிற்கும். அதிகம் நீந்தாமலே ஓட்டம் இரையைக் கொண்டுவந்து கொடுக்கிற இடங்கள் அவை.

ஓடுகிற நீரில் ட்ரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் மீன்) போன்ற மீன்கள் ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் வருவது நல்லது. நீங்கள் பிடிக்க நினைக்கும் பகுதியின் கீழ்முனையில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மேல்நோக்கி நடங்கள். முடிந்ததும் இறங்கி வந்து அடுத்த பகுதிக்கு மிதியுங்கள். அனுமதிச் சீட்டு வேண்டுமா, எந்த மாதங்களில் தடை என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 5: மீன் மாட்டினால்

கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னப் பல்லை முன்பே குறட்டால் நசுக்கி வையுங்கள். மீனின் வாயிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாகக் கழலும். விடப்போகிற மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட் பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு, போராடிக் களைத்த மீன் தேறாது.

படி 6: இரண்டுக்கும் ஒத்துவராதவை

ஃபிளை மிதக்கத் தடவும் சிலிக்கான் பசை கையில் இருக்கும்போது டிஸ்க் பிரேக்கைத் தொடாதீர்கள். வட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது, பேடும் வீணாகும். கொசுவுக்குப் பூசும் டீட் மருந்து லைனின் பிளாஸ்டிக் பூச்சை அரிக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டு லைனைத் தொடுங்கள்.

வேறொரு ஆற்றுக்குப் போகும் முன் ஷூவையும் டயரையும் சேறு போகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். டிடிமோ போன்ற பாசிகள் ஈரச் சாமான்களில் ஒட்டிக்கொண்டுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். ராடையும் துணியால் துடைத்துக் காயவைத்த பிறகே குழாய்க்குள் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் கைப்பிடித் தக்கையில் பூஞ்சை பிடிக்கும்.