வயலினை 5 கட்டைக்குச் சுருதி சேர்ப்பது

மணலியில் இருந்த காலத்தில் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று நம் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த வயலினில், மேற்கத்திய முறைப்படி தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ என்று சுருதி இருக்கும். நமக்கு வேண்டியது ச-ப-ச-ப (ஷட்ஜம், பஞ்சமம்).

ச எந்த உயரத்தில் என்பதைக் கட்டை எண்ணால் சொல்வோம். பெண் குரலுக்கான 5 கட்டை, அதாவது ச ஜி-யில், பழக எளிது. தடித்த இரண்டு தந்திகளைத் தொடவே வேண்டாம். அவையே மந்தர (கீழ் ஸ்தாயி) ச, ப. மூன்றாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், மெல்லியதை இ-யிலிருந்து டி-க்கும், தலா ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். தம்புராவோடு முதலில் ச; பிறகு ச, ப இரண்டையும் ஒரே வில்லில் இழுங்கள். 'வவ்வவ்' என்று அலையடித்தால் இன்னும் சேரவில்லை. அலை மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது. சற்றுக் கீழே இறக்கி, மேலேற்றியே நிறுத்துங்கள். இறக்கி நிறுத்தினால் தந்தி நழுவும்.

பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணி) உள்ளே அழுத்தியபடியே திருப்ப வேண்டும். வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள் போதும். தந்தியை ஏற்றும்போது குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விரற்பலகைப் பக்கம் சாயும். அவ்வப்போது நிமிர்த்துங்கள், விழுந்தால் பலகையே கீறும்.

1 கட்டைக்கு, அதாவது சி-க்கு, இதே தந்திகளை இறக்காதீர்கள். தடித்தது தொளதொளத்து உதறும். அதற்குக் கனமான தந்திகள் வேண்டும். மார்கழிக் கச்சேரிக்கு ஏசி சபாவுக்குள் நுழைந்ததும் சேர்ப்பது வீண்வேலை, குளிரில் சுருதி மாறும்; பத்து நிமிஷம் பொறுங்கள்.