சித்திரையில் ஊர் வீட்டைச் செப்பனிடுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்த கையோடு, "வந்ததுதான் வந்தோம், வீட்டையும் ஒரு வழி பண்ணிவிடுவோம்" என்று இறங்குபவர்கள் நிறையப் பேர். காலம் சரியான காலம்தான். பிள்ளைகளுக்கு லீவு, பெரிய மழை இல்லை, கிணற்றிலும் தண்ணீர் கீழே கிடக்கும். ஆனால் முதலில் வாங்கி வருவது பெயின்ட் டப்பாவாக இருக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டைப் பெரும்பாலும் கெடுத்திருப்பது தண்ணீர். அது எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்காமல் செய்கிற வேலையின் ஆயுசு ஐப்பசி வரைக்கும்தான்.

ஓட்டு வீடாக இருந்தால் கூரையில் ஆரம்பியுங்கள். உள்ளே ஒழுகிய கறைக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு இறங்குவது வழக்கமான தவறு. தண்ணீர் மேலே ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் வழியே வழிந்து வந்து வேறெங்கோ சொட்டும். உச்சி வெயிலில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், ஓட்டை எங்கே என்று வெளிச்சமே காட்டிக்கொடுக்கும். இரண்டு சரிவும் சேர்கிற கூடல்வாயில் சருகும் மண்ணும் அடைத்திருக்கும், அதை அள்ளிப் போட்டாலே பாதி ஒழுகல் நின்றுவிடுவதும் உண்டு. ஓட்டைத் தாங்கும் மரப் பட்டிகளான ரீப்பர்களை ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே கறையான் தின்று கூடாக இருக்கும், அதன் மேல் புது ஓடு அடுக்கி என்ன பயன்? அப்புறம், ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது.

இனி சுவர். பணத்தை அதிகம் விழுங்குகிற தவறு இங்கேதான் நடக்கிறது. பழைய மண் சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் சிமென்ட் பூசுவது. "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாருங்க பூசுறா, சிமென்ட்தான் ஸ்ட்ராங்" என்று கொத்தனார் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறுகிற ஓதம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும், அதனால்தான் சுவர் இத்தனை காலம் நின்றது. சிமென்டை அப்பியதும் வெளியேற வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும், இடுப்பளவில் ஒரு கோடு தெரியும், உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். புட்டி வைத்து எமல்ஷன் அடித்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பூசியாகிவிட்டது என்றால் அடியில் ஓதம் ஏறிய பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசி வெள்ளையடியுங்கள். (நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.)

சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். தெருவில் ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குள் போயிருக்கும். அது போதாதென்று சுவரை ஒட்டி மண் குவித்து பூச்செடி வைப்பார்கள், வாசலிலிருந்து கொல்லை வரை சிமென்ட் கல் பாவுவார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் அஸ்திவாரத்தைத் தேடி வரும், கிணற்றுக்கும் ஊற்று குறையும். கல் பாவத்தான் வேண்டுமென்றால் நடைபாதை அளவுக்குப் போதும். நீங்கள் இருக்கும்போதே ஒரு கோடை மழை பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், தண்ணீர் வடிய எங்கே வாட்டம் கொடுக்க வேண்டும் என்று எந்த இன்ஜினியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்.

கிணற்றில் விளையாட்டே வேண்டாம். வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த கிணற்றில் தூர் வார ஆளை உடனே இறக்காதீர்கள், காற்று கெட்டிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் ஆபத்து என்பது சரி, அணையவில்லை என்பதால் பத்திரம் என்று ஆகாது, எரிகிற விளக்கு எல்லா விஷவாயுவையும் காட்டாது. டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டுவது அதைவிட மோசம், அதன் புகையே ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவர் இறங்குவதில்தான் இரண்டாவது, மூன்றாவது உயிரும் போகிறது. 101-ஐக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டுவதும் தவறு. வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றுக்கு 24 கிராம் வரும், அவ்வளவுதான். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு அப்புறம் இறையுங்கள்.

கொல்லையில் கிடக்கும் பழைய ஓட்டுக் குவியலையும் விறகையும் வெறுங்கையால் அள்ளக்கூடாது, விரியன் படுத்திருக்கும். கம்பால் கலைத்துவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, பகலில் செய்யுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கிள்ளிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள், வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழையில் இரண்டாகத் துளிர்க்கும். சீமைக்கருவேலமும் அப்படித்தான், வெட்டினால் அடியிலிருந்து தழையும், தூரோடு பிடுங்கினால்தான் போகும்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, சித்திரையில் கன்று நடுவது ஆசையில் செய்கிற தப்பு. அக்னி நட்சத்திர வெயிலில் இளங்கன்று தாங்காது. இப்போது குழியை மட்டும் எடுத்து வெயில் காயப் போடுங்கள், தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி, கன்றுக்குக் கன்று 25 அடி, வீட்டுச் சுவரையும் விட்டுத் தள்ளி. கூட்டிய சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். தண்ணீர் ஊற்ற ஊரில் ஆள் இருந்தால் ஆடியில் நடலாம், இல்லையென்றால் புரட்டாசிக் கடைசி வரை பொறுத்திருந்தால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். எப்போது நட்டாலும் அதற்கு முன்னால் வேலியை அடைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நீங்கள் வாங்கிய ஒட்டு மாங்கன்று என்ன விலை என்றெல்லாம் தெரியாது.