சிறுகதையில் மழையை எப்போது பெய்யவிடலாம்?

முதலில் மழையை மறந்துவிடுங்கள். பாத்திரத்தின் மனநிலையைத் தனித்தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "சோகம்" என்றால் போதாது. "கோடை விடுமுறைக்கு வருகிறேன் என்ற மகன் வரவில்லை, அவளுக்குக் கோபம், காட்டிக்கொள்ள மாட்டாள்." இந்த வரி கதைக்குள் எங்குமே வரக்கூடாது.

அடுத்து ஊரும் மாதமும். சென்னைக் கதையில் அடைமழைக்கு ஐப்பசி, கார்த்திகை. சித்திரையில் கொட்டி ஓயும் கோடைமழை போதும்; மூன்று நாள் விடாமல் பெய்யவைத்தால் வாசகர் காலண்டரைத் தேடுவார்.

மூன்றாவது படியில்தான் நிறைய நேரம் போகும். அந்த வானிலை அவள் கைக்கு என்ன வேலை வைக்கிறது? மொட்டைமாடியில் வேட்டி விரித்து, மகனுக்குக் கொடுத்தனுப்பப் பிழிந்த வடாம் காய்கிறது. காக்கை வராமலிருக்கப் பக்கத்தில் கறுப்புக் குடை. மேகம் திரளும்போது பதறுவது வாசகர்தான். பக்கத்து மாடியிலிருந்து குரல்: "அக்கா, வடாம் நனையுது!"

"நனையட்டும்."

கோபம் வந்துவிட்டது. அந்தச் சொல் வரவில்லை.

குறியீட்டுக்கு அந்தக் குடையே போதும், புதிதாக எதையும் தேட வேண்டாம். 1000 சொல் கதையில் மூன்று முறை காட்டலாம். முதல் முறை வெறும் காக்கைக் காவல். இரண்டாவது முறை காற்றில் உருள்கிறது, எடுத்துவந்து கல் வைக்கிறாள். மூன்றாவது முறை, கொட்டும் மழையில் அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியபடி நனைந்துகொண்டே படியிறங்குகிறாள். இங்கே "அவள் மனமும் மடங்கியிருந்தது" என்று ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் குடை செத்தது.

இன்னொரு வழக்கமான சறுக்கல், சாவு வீட்டில் மழை. வாசகர் எதிர்பார்த்ததையே கொடுக்கிறோம். சுள்ளென்று வெயிலடிக்கட்டும், பந்தலுக்கு வெளியே கிடக்கும் இரும்பு நாற்காலியில் யாரும் உட்கார முடியாமல் நிற்கட்டும்.

பாத்திரம் வானிலையைத் தவறாகப் படிப்பதும் ஓர் உத்தி. குறுந்தொகை 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிட்டது. கார்காலத்தில் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. தோழியோ, இது காலம் தவறிய 'வம்ப மாரி', கார் என்று நம்பிப் பூத்த கொன்றைதான் அறிவில்லாதது என்கிறாள். மரத்தைத் திட்டித் தலைவியைத் தேற்றுகிறாள்.

பயிற்சிக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். அதே கோடைமழையை மாடிக்காரியின் கண்ணில் ஐந்து வரி, குரல் கொடுத்தவளின் கண்ணில் ஐந்து வரி எழுதுங்கள். உணர்ச்சிச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, பெயர்களையும் மறைத்து இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள். எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லையா? மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.